2018இல் பிரான்சிஸ் ங்கானு பட்டப் போட்டிக்குத் தகுதியானவரா?

கேள்வி இது, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைகளைக் கம்பிக் கூண்டுக்குள் நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தைப் பற்றியது: "2018 ஜனவரியில் ஸ்டிப்பே மியோசிச்சோடு ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத பிரான்சிஸ் ங்கானுவுக்கு யுஎஃப்சி வாய்ப்புக் கொடுத்தது. அந்த அமைப்பில் அப்போது அவருக்கு ஆறே வெற்றிகள்தான். அவரிடம் தோற்றவர்களில் பாதிப் பேரின் பெயர் தீவிர ரசிகர்களுக்கே நினைவில் இல்லை. ஐந்து சுற்றும் அடி வாங்கித் தோற்றார். விளம்பரத்துக்காகத் தகுதியில்லாத ஒருவரைத் தூக்கி மேலே வைத்தார்கள் என்றுதானே அர்த்தம்?"

தகுதி இருந்தது என்பதே என் பதில். அவர் தயாராக இல்லை என்பதும் உண்மைதான், ஆனால் அது வேறு கணக்கு. பட்டப் போட்டியை யாருக்குக் கொடுப்பது என்பது, அந்த நாளில் யார் யாரை வென்றிருக்கிறார்கள், சாம்பியனோடு இன்னும் மோதாதவர் யார் என்பதைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. கூண்டுக்குள் என்ன நடந்தது என்பது பிறகு வந்த செய்தி. அதை வைத்துக்கொண்டு முன்பு எடுத்த முடிவைத் தவறென்று சொல்வது, தேர்வு முடிவு வந்த பிறகு நுழைவுச் சீட்டைப் பறிப்பதற்குச் சமம்.

முதலில் யுஎஃப்சியில் இந்த வாய்ப்பு எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். குத்துச்சண்டையில் ஒவ்வொரு பட்ட அமைப்பும் ஒருவரைக் கட்டாயச் சவால் வீரராக அறிவிக்கும். சாம்பியன் குறிப்பிட்ட காலத்துக்குள் அவரைச் சந்திக்காவிட்டால் பட்டம் பறிபோகும். அந்த முறையிலும் ஆயிரம் தில்லுமுல்லு உண்டு, என்றாலும் எழுதிவைத்த விதி என்று ஒன்று இருக்கிறது. யுஎஃப்சியில் அதுகூடக் கிடையாது. 2013 முதல் பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தயாரிக்கும் தரவரிசை ஒன்று வெளியாகிறது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. பட்டத்துக்குச் சொந்தக்காரரும், போட்டியை நடத்துபவரும், ஜோடி சேர்ப்பவரும் ஒரே நிறுவனம்தான். ஆகவே 'விற்பனைக்காகக் கொடுத்தார்கள்' என்பது ங்கானுவுக்கு மட்டும் உரிய குற்றச்சாட்டாக நிற்காது. அங்கே விற்பனையைப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் கொடுக்கப்பட்டதில்லை. அந்தக் காரணத்தை நீக்கிவிட்டாலும் இவருக்கு வாய்ப்பு வந்திருக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஆறு வெற்றிகளுக்கு வருவோம். கேமரூனின் பட்டியே ஊரில் சிறு வயதிலேயே மணல் குவாரியில் வேலை பார்த்தவர் ங்கானு. 2013இல் பாரிசுக்கு வந்து, தங்க இடமில்லாமல் தெருவில் படுத்து, குத்துச்சண்டை கற்க இடம் தேடியபோதுதான் ஃபெர்னான்ட் லோபஸின் பயிற்சிக்கூடத்தில் எம்எம்ஏ அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் தொழில்முறைச் சண்டை. 2015 டிசம்பரில் யுஎஃப்சிக்கு வந்து லூயிஸ் ஹென்ரிக்கேயை இரண்டாம் சுற்றில் சாய்த்தார். பிறகு கர்ட்டிஸ் பிளேட்ஸ், போயன் மிகாய்லோவிச், ஆந்தனி ஹாமில்டன், ஆந்த்ரே ஆர்லோவ்ஸ்கி, அலிஸ்டர் ஓவரீம்.

மிகாய்லோவிச், ஹாமில்டன் பெயர்களைச் சொல்லி யாரும் பெருமைப்பட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆர்லோவ்ஸ்கி முன்னாள் சாம்பியன் என்றாலும் ங்கானுவிடம் வரும்போதே தொடர்ந்து மூன்று சண்டைகளைத் தோற்றிருந்தார். அந்த வெற்றியை நானும் அரை மதிப்பில்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் பிளேட்ஸை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2016 ஏப்ரலில் சாக்ரெபில் ங்கானுவோடு மோதியபோது பிளேட்ஸுக்கு அது யுஎஃப்சியில் முதல் சண்டை, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. பின்னாளில் மார்க் ஹன்ட்டையும் ஓவரீமையும் வென்று, பல ஆண்டுகள் இந்தப் பிரிவின் தலைசிறந்த மல்யுத்தக்காரர்களில் ஒருவராக நின்றவர் அதே பிளேட்ஸ்தான். அவரது கண் வீங்கி மூடிப்போக, இரண்டாம் சுற்றின் முடிவில் மருத்துவர் சண்டையை நிறுத்தினார்.

ஓவரீம் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. 2017இல் ஹன்ட்டையும் ஃபாப்ரிசியோ வெர்டுமையும் வென்றுவிட்டு மறுபடியும் பட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தவர் அவர். டிசம்பர் 2, டெட்ராய்ட், யுஎஃப்சி 218. கொஞ்ச நேரம் இருவரும் கட்டிப்பிடித்தபடி கூண்டுக் கம்பியோடு ஒட்டி நின்றார்கள். நடுவர் பிரித்துவிட்டார். ஓவரீம் இடது கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தார். ங்கானு உடம்பைச் சற்றுச் சாய்த்து அதைத் தவிர்த்துவிட்டு, இடுப்பு மட்டத்திலிருந்து இடது அப்பர்கட்டை மேலே எடுத்தார். ஓவரீமின் முகம் கூரையைப் பார்த்துத் திரும்பியது. உடல் விழுவதற்குள்ளேயே நினைவு போய்விட்டது. முதல் சுற்றில் 1 நிமிடம் 42 விநாடி. பட்டத்துக்கு மிக அருகில் நின்ற ஒருவரை இப்படி வீழ்த்திய பிறகும் 'இன்னும் ஒரு சண்டை ஆடிவிட்டு வா' என்று சொல்வதாக இருந்தால், அந்த இன்னொரு சண்டை யாரோடு?

'தகுதியில்லை' என்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. 2017 டிசம்பரின் நிலவரம் இது. மியோசிச் 2016 மே மாதம் குரிச்சிபாவில் வெர்டுமை நாக் அவுட் செய்து பட்டம் வாங்கினார். செப்டம்பரில் ஓவரீமை வீழ்த்தினார். 2017 மே மாதம் ஜூனியர் டோஸ் சான்டோஸை வீழ்த்தினார். மூவருக்கும் முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. டோஸ் சான்டோஸ் அதற்குப் பிறகு ஊக்கமருந்துப் பரிசோதனைச் சிக்கலில் மாட்டிக்கொண்டார். செப்டம்பரில் ங்கானுவோடு நடக்க வேண்டிய சண்டை அதனால்தான் ரத்தானது. கெய்ன் வெலாஸ்கெஸ் 2016 ஜூலைக்குப் பிறகு காயங்களால் கூண்டுப் பக்கமே வரவில்லை. டெரிக் லூயிஸ் ஜூனில் ஹன்ட்டிடம் தோற்று, முதுகு வலியோடு அல்லாடிக்கொண்டிருந்தார். வரிசையில் மேலே நின்றவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மியோசிச்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மற்றவர்கள் படுக்கையிலோ விசாரணையிலோ இருந்தவர்கள். புதிதாக, யுஎஃப்சியில் தோல்வியில்லாமல், முன்னணி வீரர் ஒருவரை வென்றுவிட்டு நின்றவர் ங்கானு ஒருவர்தான்.

ஆறு வெற்றி போதாது என்பவர்களுக்கு இந்தப் பிரிவின் பழைய கணக்கையும் சொல்ல வேண்டும். 2010 அக்டோபரில் பிராக் லெஸ்னரை அடித்துப் பட்டம் வாங்கிய வெலாஸ்கெஸ் அந்த இடத்துக்கு வந்ததும் யுஎஃப்சியில் ஆறு வெற்றிகளோடுதான். அவரை 2011 நவம்பரில் 64 விநாடியில் வீழ்த்திய டோஸ் சான்டோஸ் ஏழு வெற்றிகளோடு வந்தார். லெஸ்னர் கதை இன்னும் வேடிக்கை. தொலைக்காட்சி மல்யுத்தத்தில் உலகமே பார்த்த முகம் என்பதால், 2008 நவம்பரில் ராண்டி கூச்சரோடு பட்டத்துக்கு மோதியபோது அவருடைய மொத்த எம்எம்ஏ கணக்கே இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. வென்றும்விட்டார்! வென்றதால் அதைப் பற்றி இன்று யாரும் வாய் திறப்பதில்லை.

ஹெவிவெயிட்டில் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. 93 கிலோவுக்கு மேல் 120 கிலோ வரை எடையுள்ள, வேகமும் மூச்சும் உள்ள விளையாட்டு வீரர்கள் உலகில் எந்த நாட்டிலும் மிகக் குறைவு. அமெரிக்காவில் அப்படி ஒருவர் பிறந்தால் அமெரிக்கக் கால்பந்தோ கூடைப்பந்தோ அவரைக் கொத்திக்கொண்டு போய்விடும். மீதி இருப்பவர்களும் அடிக்கடி காயப்படுவார்கள், ஒரே குத்தில் வீழ்வார்கள். எடை குறைந்த லைட்வெயிட் பிரிவில் ஒருவர் பத்துப் பேரைத் தாண்டி வர வேண்டியிருக்கும். இங்கே தாண்டுவதற்குப் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். லைட்வெயிட் அளவுகோலைக் கொண்டு ஹெவிவெயிட் வீரரை அளப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இவ்வளவும் தகுதிக் கணக்கு. எதிர்த்தரப்பின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அந்தச் சந்தேகத்தை வைக்கும் இடம்தான் தவறு.

வெலாஸ்கெஸின் ஆறு வெற்றிகளுக்குள் ஷேக் கோங்கோவோடு மூன்று சுற்றும் ஆடியது ஒன்று. அதில் கோங்கோவின் குத்துகளில் அவர் தடுமாறினார், எழுந்தார், மறுபடி ஆளைத் தரைக்குக் கொண்டுபோனார். டோஸ் சான்டோஸ் பட்டப் போட்டிக்கு முன் ராய் நெல்சனோடும் ஷேன் கார்வினோடும் மூன்று சுற்று முழுவதும் நின்றார். இருவரும் பெரிய மேடைக்கு வருமுன் 15 நிமிடம் என்பது எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்திருந்தார்கள். ங்கானுவின் ஆறு சண்டைகளையும் கூட்டிப் பாருங்கள். ஹென்ரிக்கேயோடு 7 நிமிடம் 53 விநாடி. பிளேட்ஸோடு 10 நிமிடம். மற்ற நான்கையும் சேர்த்தால் 7 நிமிடம்கூட வராது. மொத்தம் 24 நிமிடம் 38 விநாடி. ஒரு பட்டப் போட்டிக்கு ஐந்து சுற்று, 25 நிமிடம். அதாவது, யுஎஃப்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகளில் அவர் கூண்டுக்குள் நின்ற மொத்த நேரம், ஒரே இரவில் நிற்க வேண்டிய நேரத்தைவிடக் குறைவு. மூன்றாம் சுற்று என்பதை அவர் அங்கே பார்த்ததே இல்லை.

அதோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. ஓவரீமை வீழ்த்தியது டிசம்பர் 2. மியோசிச்சோடு மோதியது ஜனவரி 20. இடையில் ஏழு வாரம். பேட்டிகள், பயணங்கள், படப்பிடிப்புகள் எல்லாம் அந்த ஏழு வாரத்துக்குள்தான். குத்தின் வலிமையை அளக்கும் கருவி ஒன்றில் ங்கானு 129,161 அலகு எடுத்துச் சாதனை படைத்தார் என்ற செய்தியை நிறுவனமே ஊதிப் பெருக்கியது. ஒரு ஃபோர்டு கார் முழு வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம் என்று தலைவர் டானா ஒயிட் சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்காமல் நிற்கும் கருவியைக் குத்திய எண்ணிக்கையை வைத்து ஒருவர் சாம்பியன் ஆவாரா என்று கணிப்பதில் என்ன பொருள் இருக்கிறதோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பந்தயச் சந்தை மயங்கியது. பட்டத்தை இரண்டு முறை காப்பாற்றிய சாம்பியனைவிடச் சவால் வீரருக்கே வெற்றி வாய்ப்பு அதிகம் என்று விலை போட்டார்கள்.

அந்தச் சாம்பியன் யார்? ஒஹாயோவில் பகுதி நேரத் தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே சண்டையிட்டவர். கல்லூரி மல்யுத்தமும் கோல்டன் குளோவ்ஸ் என்ற அமெச்சூர் குத்துச்சண்டையும் கைவந்தவர். பேச்சுத் திறமை இல்லாததால் விளம்பரத்துக்கு உதவாதவர் என்று ஓரம் கட்டப்பட்டவர்.

பாஸ்டனில் முதல் சுற்றில் ங்கானு கையில் இருந்ததையெல்லாம் வீசினார். ஒவ்வொரு குத்திலும் உடம்பு முழுதும் போனது. சில பட்டன, மியோசிச்சின் முகம் வீங்கியது. ஆனால் மியோசிச் தலையை நகர்த்திக்கொண்டே இருந்தார். பெரிய குத்து ஒன்று வெறுங்காற்றில் போகும் ஒவ்வொரு தடவையும் கீழே குனிந்து காலைப் பிடித்தார். இரண்டாம் சுற்றிலேயே ங்கானுவின் வாய் திறந்துவிட்டது, கைகள் இறங்கிவிட்டன. அதன் பிறகு நடந்ததைப் பெரிதாக வர்ணிக்க ஒன்றுமில்லை. கம்பியோரம் அழுத்துவது, தரையில் தள்ளி மேலே படுத்துக்கொள்வது, ஓய்வு கொடுக்காமல் சின்னச் சின்னக் குத்துகள். தள்ளிய உடம்பைத் தூக்கி எழுவதே ங்கானுவுக்குப் பெரும்பாடாக இருந்தது. மூன்று நடுவர்களும் 50க்கு 44 என்று எழுதினார்கள். ஐந்து சுற்றையும் சாதாரணமாக இழந்தால் 45 புள்ளி வரும். 44 என்றால் ஒரு சுற்றில் இரண்டு புள்ளி பின்தங்கும் அளவுக்கு அடி வாங்கியிருக்கிறார் என்று பொருள். முடிவில் மியோசிச் பட்ட பெல்ட்டை டானா ஒயிட் கட்டிவிட அனுமதிக்கவில்லை. கையில் வாங்கித் தன் பயிற்சியாளரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டார். ஹெவிவெயிட் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை காப்பாற்றிய முதல் ஆள் யுஎஃப்சி வரலாற்றில் அவர்தான். எதிராளியின் முகத்தையே பெரிதாகப் போட்டு அந்தப் போட்டியை விற்றதற்கு அவர் சொன்ன பதில் அது.

ஆனால் இந்தத் தோல்வி எதைக் காட்டியது? மூச்சுப் பயிற்சி போதவில்லை, மல்யுத்தத் தடுப்பு போதவில்லை, நிதானம் போதவில்லை. இந்த மூன்றையும் மியோசிச்சைத் தவிர வேறு யார் காட்டியிருக்க முடியும்? அன்று தரவரிசையில் இருந்த வெர்டுமையோ லூயிஸையோ முன்னால் நிறுத்தியிருந்தால், இன்னொரு முதல் சுற்று நாக் அவுட்டோடு அதே அறியாமையோடு அவர் ஓராண்டு கழித்து வந்திருப்பார் என்பது என் ஊகம். ங்கானு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் முதல் எம்எம்ஏ சண்டை ஆடியவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே குறை சொல்வதாக இருந்தால் வாய்ப்புக் கொடுத்ததைச் சொல்லாதீர்கள். ஏழு வாரத்தில் கொடுத்ததைச் சொல்லுங்கள். கோடைக்காலம் வரை தள்ளிப்போட்டு, ஐந்து சுற்றுக்கான பயிற்சி முகாம் ஒன்றை முழுதாக நடத்த விட்டிருந்தால் நிறுவனத்துக்கும் நஷ்டமில்லை.

அடுத்து வந்தது இன்னும் மோசம். அந்த ஆண்டு ஜூலையில் டெரிக் லூயிஸோடு மூன்று சுற்று நடந்த சண்டையைச் சண்டை என்று சொல்வதே மிகை. உலகிலேயே கனமான குத்துக்காரர்கள் இருவர் 15 நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ங்கானு தொட்ட குறிப்பிடத்தக்க அடிகள் பதினொன்று. அரங்கம் கூச்சலிட்டது. முந்தைய சண்டையின் பயத்தைச் சுமந்துகொண்டு வந்துவிட்டேன் என்று அவரே பிறகு சொன்னார். 'பார்த்தீர்களா, வெறும் ஊதிப் பெருக்கிய பலூன்' என்று அன்று எழுதியவர்கள்தான் இன்றும் 2018 ஜனவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் பார்க்க மறுப்பது அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளை. 2018 நவம்பரில் பெய்ஜிங்கில் பிளேட்ஸ், 45 விநாடி. 2019 பிப்ரவரியில் ஃபீனிக்ஸில் வெலாஸ்கெஸ், 26 விநாடி. ஜூனில் மினியாபொலிஸில் டோஸ் சான்டோஸ், 71 விநாடி. 2020 மே மாதம், கொரோனா காலத்தில் பார்வையாளர் இல்லாத ஜாக்சன்வில் அரங்கில், அதுவரை தோல்வியே காணாத ஜைர்சினோ ரோசன்ஸ்ட்ரைக், 20 விநாடி. நான்கு பேரில் இருவர் முன்னாள் சாம்பியன்கள், மற்ற இருவரும் பட்டத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவர்கள். எல்லாம் சேர்த்து 162 விநாடி. 2017 டிசம்பரில் ஒரு பெரிய வெற்றிக்கு ஏழு வாரத்தில் பட்டப் போட்டி கொடுத்தவர்கள், இப்போது நான்கு பெரிய வெற்றிக்கும் 'பொறு' என்றார்கள்.

காரணம், பட்டம் டேனியல் கோர்மியருக்கும் மியோசிச்சுக்கும் இடையே பந்தாடப்பட்டுக்கொண்டிருந்தது. 2018 ஜூலையில் கோர்மியர் மியோசிச்சை முதல் சுற்றில் வீழ்த்தினார். மறுசண்டை 2019 ஆகஸ்டில், அதில் மியோசிச் வென்றார். மூன்றாவது 2020 ஆகஸ்டில், அதிலும் அவரே. இரண்டு ஆண்டில் அந்தப் பட்டத்துக்கு இந்த இருவரைத் தவிர மோதியவர் ஒருவர்தான், டெரிக் லூயிஸ். அவருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? 2018 அக்டோபரில் அலெக்சாண்டர் வோல்கோவிடம் மூன்று சுற்றும் அடி வாங்கிக்கொண்டே வந்து, மணி அடிக்க 11 விநாடி இருக்கும்போது ஒரே குத்தில் சாய்த்தார். பிறகு கூண்டுக்குள்ளேயே கால்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வியர்க்கிறது என்பதை அச்சில் ஏற்ற முடியாத சொற்களில் மைக்கில் சொன்னார். அந்தப் பேட்டி உலகம் முழுதும் சுற்றியது. நான்கே வாரத்தில் நியூயார்க்கில் கோர்மியரோடு பட்டப் போட்டி. எனக்கு லூயிஸைப் பிடிக்கும். ஆனால் தகுதி பற்றிப் பேசுபவர்கள் முதலில் இங்கே பேச வேண்டும். இரண்டாம் சுற்றில் கழுத்தைப் பிடித்து முடித்துவிட்டார் கோர்மியர்.

ங்கானுவுக்கு இரண்டாவது வாய்ப்பு 2021 மார்ச் 27 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் லாஸ் வேகஸுக்குக் குடிபெயர்ந்து, எரிக் நிக்சிக்கிடம் பயிற்சி பெற்றார். யுஎஃப்சியின் இன்னொரு எடைப் பிரிவின் சாம்பியனான காமரு உஸ்மானோடு மல்யுத்தம் பழகினார். முதல் சுற்றிலேயே மியோசிச் பழைய வழியில் காலைப் பிடிக்க வந்தார். ங்கானு இடுப்பைப் பின்னால் எறிந்து அவர் மேல் முழு எடையையும் போட்டார். சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய்க் குத்தினார். மூன்று ஆண்டுக்கு முன் பாஸ்டனில் இந்த இடத்தில்தான் அவர் தரையில் கிடந்தார். வீசியடிக்கவும் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. இரண்டாம் சுற்றில் இடது கையால் ஒரு நேர்க்குத்து, சாம்பியன் தள்ளாடினார். தள்ளாடிக்கொண்டே ஒரு வலது குத்தை மியோசிச் திருப்பிக் கொடுத்து நம்பிக்கையோடு முன்னே வந்தபோது எதிரே வந்த இடது ஹூக்கில் விழுந்தார். 52ஆவது விநாடி. அடுத்த ஜனவரியில், முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் சிரில் கானோடு ஐந்து சுற்றும் ஆடி, நான்கு முறை அவரைத் தரையில் தள்ளிப் புள்ளி அடிப்படையில் வென்றார். மூன்றாம் சுற்றைத் தாண்ட மாட்டார் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டவர்தான்.

'அப்படியானால் 2018இல் காத்திருக்க வைத்து, 2021இல் மட்டும் கொடுத்திருக்கலாமே' என்று யாராவது கேட்கலாம். இல்லை. அந்தத் தோல்வி இல்லாமல் இந்த மாற்றம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் என் வாதம் அதன் மேல் நிற்கவில்லை. அவர் பிறகு ஒருபோதும் வெல்லாமல் ஓய்வு பெற்றிருந்தாலும் 2018 ஜனவரி வாய்ப்பு சரியானதே.

இந்தப் பிரிவில் பட்டப் போட்டி உண்மையிலேயே தகுதியற்ற ஒருவருக்குப் போனது எப்போது என்று என்னைக் கேட்டால், 2024 நவம்பர் 16 என்பேன். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போதைய சாம்பியன் ஜான் ஜோன்ஸை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? இதே மியோசிச். வயது 42. கடைசியாகச் சண்டையிட்டது ங்கானுவிடம் நாக் அவுட் ஆன அந்த 2021 மார்ச் இரவில். மூன்றரை ஆண்டுகளாக ஒரு வெற்றியும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. அதே சமயம் டாம் ஆஸ்பினால் என்ற ஆங்கிலேயர் இடைக்கால சாம்பியன் பெல்ட்டை வைத்துக்கொண்டு ஓராண்டாகக் காத்திருந்தார். ஜோன்ஸுக்கு மார்புத் தசை கிழிந்ததால் 2023 நவம்பரில் அவசரமாக உருவாக்கப்பட்ட அந்தப் பட்டத்துக்கு, சுமார் இரண்டு வார அவகாசத்தில் ஒப்புக்கொண்டு வந்து வென்றவர் அவர். 2024 ஜூலையில் மான்செஸ்டரில் பிளேட்ஸை ஒரே நிமிடத்தில் வீழ்த்தி அதைக் காப்பாற்றவும் செய்தார். மியோசிச் ஒரு மகத்தான சாம்பியன், அவருக்குப் பிரியாவிடைச் சண்டை ஒன்று கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டத்தை வைத்துக் கொடுத்ததில்தான் ஆட்சேபம். ஜோன்ஸ் மூன்றாம் சுற்றில் முடித்தார். ஆஸ்பினாலோடு மோதாமலே 2025 ஜூனில் ஓய்வை அறிவித்தார். ஆஸ்பினாலுக்குப் பட்டம் கூண்டுக்கு வெளியே, ஓர் அறிவிப்பின் வழியாக வந்து சேர்ந்தது.

இன்னும் ஒரு பெயர். அந்த இடைக்காலப் பட்டத்துக்காக 2023 நவம்பரில் ஆஸ்பினாலோடு மோதியவர் ரஷ்யாவின் செர்கேய் பாவ்லோவிச். யுஎஃப்சியில் முதல் சண்டையில் ஓவரீமிடம் தோற்றவர், அதற்குப் பிறகு தொடர்ந்து ஆறு பேரை முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்திருந்தார். ங்கானுவைப் போலவே ஆறு. அவரும் யுஎஃப்சியில் இரண்டாம் சுற்றையே பார்த்ததில்லை. ஆஸ்பினால் அவரை 69 விநாடியில் வீழ்த்திவிட்டார். பாவ்லோவிச்சுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 69 விநாடியில் தோற்றால் 'ஒரு குத்து பட்டுவிட்டது, ஹெவிவெயிட்டில் சகஜம்' என்று விட்டுவிடுகிறோம். 25 நிமிடம் களைத்துத் தள்ளாடுவதைப் பார்த்தால்தான் 'இவனை ஏன் உள்ளே விட்டார்கள்' என்று கேட்கத் தோன்றுகிறது.